மூணாவது கோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதறேன். நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனா அந்த வார்த்தையை எழுத கை கூசுது, அதனால உடம்புக்கு ஒண்ணும் இல்ல, ரெண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிட்டு இருக்கோம்னு மட்டும் எழுதறேன். நீயும் மாப்பிள்ளையும் வயித்துல இருக்கற சின்னதும் நோய்நொடி இல்லாம இருக்கணும். அடிக்கடி போன்ல பேசறவளுக்கு இப்ப எதுக்குக் கடுதாசின்னு நீ நினைப்ப. போன்ல பேசினா உங்கப்பா ஸ்பீக்கர்ல போடச் சொல்லிப் பக்கத்துலயே உட்காந்துடறாரு, நீ ஒரு தடவை இருமினாக்கூட என்ன ஆச்சுன்னு கேக்கறாரு. அவர் காதுல விழாம உன்கிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. மாடி வீட்டு டீச்சரோட தம்பி ஞாயித்துக்கிழமை நீ இருக்கற பக்கம் கிளம்பறானாம், அவன் கையில கொடுத்தனுப்பறேன். முதல்ல தனியா உட்காந்து படி. படிச்சுட்டு உடனே போனை எடுத்துக் கத்தாத, இந்த நேரத்துல நீ கத்தக் கூடாது.

வீட்டுல பெருசா சேதி ஒண்ணும் இல்ல. பூனை மரத்தூள் மூட்டைக்குள்ள குட்டி போட்டிருக்கு, யாரையும் கிட்ட விடமாட்டேங்குது, மூட்டையை எடுக்க முடியாம நம்ம கடைசல் பட்டறையில தூள் குவிஞ்சு கிடக்கு. சமையல்கட்டுக் குழாய் ஒழுகிட்டே இருந்துச்சு, முன்னயா இருந்தா அப்பாவே ஸ்பானரை எடுத்து முடிச்சிருப்பாரு, இந்தத் தடவை பிளம்பரைக் கூப்பிடுன்னுட்டாரு. ஏன்னு பின்னாடி சொல்றேன். உனக்குக் கால் வீங்குதுன்னு சொன்னியே, கம்பெனியில மெஷின் முன்னாடி நாள் பூரா நின்னா வீங்காம என்ன பண்ணும், சூப்பர்வைசர்கிட்ட ஒரு நாற்காலி கேளு. கேக்க வெக்கப்பட்டுட்டு நிக்காத. வாயைத் திறந்து கேட்டாத்தானே கொடுப்பாங்க, நீயா நின்னுட்டு அவங்களா புரிஞ்சுக்கணும்னா எப்படி. இந்தப் புத்தி உனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், என்கிட்டேர்ந்துதான். அதையும் பின்னாடி சொல்றேன்.

உன்னோட நடுப்பட்டையைப் பத்திச் சொல்லணும். நீ தொழிற்பயிற்சிப் பள்ளியில முதல் வருஷம் அரத்தால ராவி ராவி விரலெல்லாம் கொப்புளமாக்கிக்கிட்டுச் செஞ்சியே, ரெண்டு கையை விரிச்ச மாதிரி கவட்டையும் நடுவுல ஒரு எஃகுப் பட்டையும், அதுதான். சென்டர் பைண்டர்னு நீ பேர் சொன்ன, எங்க வாய்க்கு அது நடுப்பட்டைன்னு ஆகிப்போச்சு. உருண்டைக் கட்டையோட முனையில கவட்டையை அணைச்சு வச்சு, பட்டையை ஒட்டி ஒரு கோடு போடணும், கட்டையைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு கோடு போடணும், ரெண்டும் வெட்டிக்கற இடம் நடு. நீ போனதுக்கப்புறமும் குறி போடற வேலை என்னோடதாத்தான் இருக்கு. நான் ரெண்டு முனையிலயும் குறி போட்டுக் கொடுப்பேன், அப்பா அந்தக் குறியில கடைசல் மெஷினோட ஊசி படற மாதிரி வச்சு ஒரு தட்டு தட்டி ஏத்துவாரு. இத்தனை வருஷத்துல ஒரு குறிகூட அவர் சரிபார்த்ததில்ல. உங்கம்மா கை போட்டா அது நடுதான்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு, எனக்கும் அதைக் கேக்கறப்ப உள்ளுக்குள்ள குளிர்ந்துதான் போகும்.

அந்தப் பட்டையை வச்சுத்தான் நான் பாலிஷ் டின்னோட மூடியை நெம்பினேன். பாப்பா, கோவப்படாத, ஸ்குரூ டிரைவரைக் காணோம், டின்னு காஞ்சு இறுகிக் கிடந்துச்சு, கையில இருந்தது அதுதான். மூடி திறந்துச்சு, நான் துடைச்சு ஆணியில மாட்டிட்டேன், வளைஞ்சது கண்ணுக்குத் தெரியல. கண்ணுக்குத் தெரியற அளவுக்கு வளைஞ்சிருந்தா இத்தனை வினை வந்திருக்காது. அப்பத்தான் பை கம்பெனிக்கு உருளை செய்ய ஆர்டர் வந்த நேரம். கட்டை ஏற்கெனவே உருட்டி வழவழன்னு வருது, நாம ரெண்டு முனையிலயும் மெலிசா கழுத்து மட்டும் கடைஞ்சு கொடுக்கணும், அந்தக் கழுத்து அவங்க மெஷின்ல போய் உட்காரும். நடு ஒரு மயிரிழை தப்பினா கழுத்து ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்னு உருளை சுத்தறப்ப குதிக்கும். குதிச்சுச்சு. முதல் வண்டி திரும்பி வந்துச்சு. அப்பா மறுபடி கடைஞ்சாரு, நான் மறுபடி அதே பட்டையால குறி போட்டேன், அதுவும் திரும்பி வந்துச்சு. கம்பெனி மேனேஜர் நல்ல மனுஷன், திட்டக்கூட இல்ல, என்னய்யா வயசாயிடுச்சான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. திட்டியிருந்தா உங்கப்பா திருப்பித் திட்டியிருப்பாரு. சிரிச்சதுலதான் மனுஷன் உடைஞ்சுட்டாரு.

கட்டையை ஏத்தினதும் ஆடறது அவருக்கே தெரிஞ்சிருக்கு. ஊசியோட பல்லு மரத்தைக் கடிச்சதும் என் கோடெல்லாம் நசுங்கி மறைஞ்சுடும், அப்புறம் எது எங்க தப்புச்சுன்னு பார்க்க முடியாது. அப்ப அவர் என்ன நினைச்சாரு தெரியுமா. குறி தப்பாது, அது அவ போட்டது, அப்ப என் கண்ணுதான் குறியில வைக்கல, இல்லாட்டி தட்டற கைதான் விலகுதுன்னு நினைச்சாரு. என்னைச் சந்தேகப்படணும்னு அவருக்குத் தோணவே இல்ல. கண் டாக்டர்கிட்ட போனோம், கண்ணாடி சரியா இருக்கு, கண்ணும் நல்லா இருக்குன்னுட்டாரு. அது நல்ல சேதிதானே, இவர் முகம் இன்னும் தொங்கிப்போச்சு. கண்ணு நல்லா இருந்தா அப்ப கைதான்னு முடிவு பண்ணிட்டாரு.

அன்னிக்குச் சாயங்காலம் எனக்கு மனசு கேக்காம, ஒரு வெட்டுத்துண்டை எடுத்து நடுப்பட்டையை வச்சுப் பார்த்தேன். நீ எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்க, ரெண்டு கோடு எப்படிப் போட்டாலும் எங்கயாவது வெட்டிக்கத்தான் செய்யும்மா, மூணாவது கோடு போடு, அதுதான் பொய்யைக் காட்டிக்கொடுக்கும்னு. நான் எந்தக் காலத்துல போட்டேன். வேலை மெனக்கெட்டு எவ போடுவான்னு விட்டுட்டேன். அன்னிக்குத்தான் போட்டேன். மூணு கோடும் ஒரு இடத்துல சேரல, நடுவுல அரிசி அகலத்துக்கு ஒரு குட்டி முக்கோணம் நின்னுச்சு. அப்பாகிட்ட சொல்லிடணும்னுதான் எழுந்தேன், சத்தியமாச் சொல்றேன், எழுந்துட்டேன். அப்பத்தான் உன் போன் வந்துச்சு. அப்பா உன்கிட்ட, கை போச்சு பாப்பா, மெஷினை நிறுத்திடலாம்னு பார்க்கறேன்னாரு. நீ என்ன சொன்னன்னு உனக்கே ஞாபகம் இருக்கும். அப்பாடா, இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே, மெஷினைக் கொடுத்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க, பிரசவத்துக்கு அம்மா கூட இருக்கட்டும்னு சொன்ன. அவர் சரின்னாரு. பாப்பா, அவர் சரின்னாரு. எத்தனை தடவை கேட்டும் பட்டறையை விட்டுட்டு வரமாட்டேன்னு தலைகீழா நின்ன மனுஷன். உன் பிரசவத்துக்கு நான் வர முடியாதோன்னு பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழுதவ நான். அந்த வெட்டுத்துண்டை எடுத்து அடுப்புல வச்சுட்டேன். பூசி மெழுகாமச் சொல்றேன், தெரிஞ்சேதான் வாயை மூடிக்கிட்டேன்.

பட்டையை வளைச்சது தெரியாம நடந்தது, அதுக்கு நீ என்னைத் திட்டினா வாங்கிப்பேன். ஆனா அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் நான் பார்த்துக்கிட்டே இருக்க நடந்தது. மனுஷன் தானா ஷேவ் பண்றதை விட்டுட்டு சலூனுக்குப் போறாரு. டீயை டம்ளர்ல பாதிதான் ஊத்தச் சொல்றாரு, சிந்திடுவேன்னு. சிந்தினதே இல்ல, ஒரு சொட்டு சிந்தினதில்ல. ஜன்னல் வெளிச்சத்துல விரலை விரிச்சு வச்சு நடுங்குதான்னு பார்த்துட்டு உட்காந்திருக்காரு, நான் வந்தா நகம் பார்க்கற மாதிரி பாவனை பண்றாரு. இருந்தும், கொஞ்ச நாள்ல சரியாப் போயிடும், உன் வீட்டுக்கு வந்து சின்னது முகத்தைப் பார்த்தா எல்லாம் மறந்துடுவாருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கட்டில் கடைக்காரர் மெஷினை எடுத்துக்கறேன்னு பேசி முடிச்சாச்சு, நாளைக்கு மத்தியானம் வண்டியோட வர்றாரு. அப்பா காலையிலேர்ந்து மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைச்சுக்கிட்டு இருக்காரு, போற இடத்துல ஒரு குறையும் சொல்லக் கூடாதாம்.

இன்னிக்கு நான் சின்னதுக்குத் தைச்ச சட்டையெல்லாம் மடிச்சுப் பெட்டியில வச்சுக்கிட்டு இருந்தேன். அப்பா வந்து ஒண்ணை எடுத்துப் பார்த்தாரு, உள்ளங்கையில விரிச்சு வச்சா கை அளவுகூட இல்ல அது. பார்த்துட்டு, சாதாரணமா, இன்னிக்கு மழை வரும் போல இருக்குன்னு சொல்ற மாதிரி சொன்னாரு. நான் அங்க வந்து குழந்தையைத் தூக்க மாட்டேன், மாப்பிள்ளை வீட்டுல தப்பா எடுத்துக்கப் போறாங்க, நீ முன்னாடியே பாப்பாகிட்ட பக்குவமாச் சொல்லி வை, என் கையை நம்பி வாங்க முடியாது, தொட்டில்ல கிடக்கறப்ப பார்த்துக்கறேன்னாரு. சட்டையைத் திரும்ப மடிச்சு வச்சுட்டுப் போயிட்டாரு. ஒழுங்கா மடிச்சிருந்தாரு பாப்பா, என்னைவிட ஒழுங்கா.

அதனாலதான் எழுத உட்காந்தேன். உன்கிட்ட சொல்லிட்டு, நீ என்ன சொல்றியோ அதும்படி செய்யலாம்னு நினைச்சேன். எழுதிக்கிட்டே வர்றப்ப புரியுது, நீ இதைப் படிக்கறதுக்குள்ள மெஷின் போயிருக்கும். உன் மேல பாரத்தைப் போட்டுட்டு நான் தப்பிக்கப் பார்க்கறேன், அவ்வளவுதான். இங்க நிறுத்தறேன். பட்டறையில அவர் துடைக்கற சத்தம் கேக்குது.

மறுநாள் எழுதறேன். சொல்லிட்டேன். வாயால சொல்ல வரல. ஒரு வெட்டுத்துண்டையும் நடுப்பட்டையையும் எடுத்துட்டுப் போய் அவர் முன்னாடி உட்காந்து ஒரு கோடு போட்டேன், திருப்பி ரெண்டாவது போட்டேன், அப்புறம் மூணாவது. அவர் கண்ணாடியை ஏத்திவிட்டுக் குனிஞ்சு பார்த்தாரு. பட்டை வளைஞ்சிருக்கேன்னாரு. ஆமான்னேன். எப்பலேர்ந்துன்னாரு, பாலிஷ் டின் கதையைச் சொன்னேன். உனக்கு எப்பத் தெரியும்னாரு. நான் பயந்துக்கிட்டிருந்த கேள்வி அதுதான். கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்த அன்னிக்கேன்னு சொன்னேன். கத்துவாரு, கையில இருக்கற எண்ணெய் டப்பாவை வீசுவாருன்னு நினைச்சேன், அப்படி ஏதாவது பண்ணியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். அவர் ரெண்டு கையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாரு. அப்ப என் கை நல்லாத்தான் இருக்கான்னு கேட்டாரு. அந்தக் குரலை இத்தனை வருஷத்துல நான் கேட்டதில்ல, சின்னப் பையன் கேக்கற மாதிரி இருந்துச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு, தலையை மட்டும் ஆட்டினேன்.

அதுக்கப்புறம் எழுந்து உள்ள போனாரு, எட்டிப் பார்த்தா கண்ணாடி முன்னாடி நின்னு தானே ஷேவ் பண்ணிக்கிட்டு இருக்காரு. ஒரு கீறல் இல்லாம முடிச்சுட்டுக் கன்னத்தைத் தடவிக்கிட்டு வந்தாரு. டீயை எடுத்துட்டுப் போனேன், பயத்துல பழையபடி பாதிதான் ஊத்தியிருந்தேன், டம்ளரை நீட்டி ரொப்புன்னாரு. விளிம்பு வரைக்கும் ரொப்ப வச்சுக் குடிச்சாரு. சாப்பிட உட்காந்தப்பத்தான் வெடிச்சாரு. என்னை முடமாக்கித்தான் அங்க கூட்டிட்டுப் போகணுமா, பாப்பா பிரசவத்துக்குப் போகணும், நீங்களும் வாங்கன்னு ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துக் கேட்டியான்னாரு. எத்தனையோ தடவை கேட்டேனேன்னு நான் ஆரம்பிச்சேன். எப்பக் கேட்ட, மெஷினை நிறுத்துங்க, வயசாச்சு, போதும், இதைத்தானே நீயும் உன் பொண்ணும் மாத்தி மாத்திச் சொல்றீங்க, வாங்கன்னு எப்பச் சொன்னீங்கன்னாரு. யோசிச்சுப் பாரு பாப்பா, நாம ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்ல. அவர் பட்டறையைக் கொஞ்ச நாள் பூட்டி வச்சுட்டு வருவாருங்கறது நமக்குத் தோணவே இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து அவர் விட மாட்டாருன்னு முடிவு பண்ணிட்டு அவரையே கேக்காம விட்டுட்டோம். நீ தூரத்துல இருக்க, உன் மேல குத்தம் இல்ல. பக்கத்துலயே இருந்துக்கிட்டுக் கேக்காதவ நான்தான்.

கட்டில் கடைக்காரர் வண்டியோட வந்தாரு. அப்பா வாசலுக்குப் போய், மன்னிச்சுக்கங்க, என் வீட்டம்மாவுக்குக் கணக்குல ஒரு சின்னத் தப்பு ஆயிடுச்சு, மெஷின் விக்கறதா இல்லன்னு சொல்லி, வண்டிக்காரருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாரு. என்னைக் காட்டிக்கொடுக்கல. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன், பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு. அப்புறம் பட்டறைக்குள்ள வந்து, வளைஞ்ச பட்டையை நிமித்தலாம்னு நான் சுத்தியலை எடுத்தா, கீழ வை, அது பாப்பா செஞ்சது, அவளே சரி பண்ணட்டும்னாரு. ஒரு கட்டையை எடுத்து அந்த வளைஞ்ச பட்டையை வச்சே மூணு கோடு போடச் சொன்னாரு. போட்டேன். அந்தக் குட்டி முக்கோணத்துக்கு நட்ட நடுவுல ஒரு புள்ளி வச்சாரு, மறு முனையிலயும் அப்படியே, ஊசியில வச்சு ஒரு தட்டு தட்டி மெஷினைப் போட்டாரு. கட்டை சுத்தறதே தெரியல, நிக்கற மாதிரி சுத்துச்சு. இத்தனை நாளா கோணல் பட்டைக்குள்ளயே நடு இருந்திருக்கு, மூணாவது கோட்டைப் போடத்தான் ஆள் இல்ல. இனிமே நீ போடற ஒவ்வொரு கட்டைக்கும் மூணு கோடு, நான் எண்ணிப் பார்ப்பேன்னு சொல்லியிருக்காரு. எண்ணிப் பார்க்கறாரு பாப்பா. குறி போட்டு நீட்டினா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எண்ணிப் பார்த்துட்டுத்தான் வாங்கறாரு. முன்ன ஒரு நாளும் பார்க்காதவர். நான் பண்ணினதுக்கு அது எனக்கு வேணும்.

பை கம்பெனிக்குக் கெட்டுப்போன உருளைக்கெல்லாம் பதில் உருளை கொடுத்துட்டு, பட்டறையைப் பூட்டி, சாவியை டீச்சர்கிட்ட கொடுத்துட்டு ரெண்டு பேரும் கிளம்பி வர்றோம். பூனைக்குட்டியெல்லாம் அதுக்குள்ள கண்ணைத் திறந்துடும். அப்பா இன்னும் என்கிட்ட சரியாப் பேச ஆரம்பிக்கல, சோறு போடு, தண்ணி கொடுன்னு அளந்துதான் பேசறாரு, ஆனா சட்டைத் துணியில பொத்தான் வேண்டாம், குழந்தைக்கு உறுத்தும், கயிறு வச்சுத் தைன்னு தானா வந்து சொல்லிட்டுப் போனாரு. நீ அவர்கிட்ட பேசறப்ப இதைப் பத்தி எடுக்காத, அவரா சொன்னாச் சொல்லட்டும். என் மேல கோவம் இருந்தா வச்சுக்க, நான் நேர்ல வந்து வாங்கிக்கறேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிட்டா எதையும் தூக்காத, நாற்காலியைக் கேளு. மாப்பிள்ளைக்கு எங்க ஆசீர்வாதம், உனக்கு சுகப்பிரசவம் ஆகி, நீயும் குழந்தையும் நூறு வயசு நல்லா இருக்கணும். நடுப்பட்டையைத் துணியில சுத்திக் கொண்டு வர்றோம், ஒரு நல்ல அரம் எடுத்து வை. கடுதாசி எழுதறேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு, ஒண்ணே ஒண்ணு எழுதச் சொன்னாரு, மறக்காம எழுதுன்னு ரெண்டு தடவை வந்து பார்த்துட்டும் போயிட்டாரு. குழந்தை பிறந்ததும் நர்ஸ் கொண்டு வந்து முதல்ல அவர் கையிலதான் கொடுக்கணுமாம். எனக்கு அப்புறம்தானாம். நான் சரின்னுட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா